1802 ஹாஃப் ஈகிள்: "அரிய ரகம்" என்று கூடுதல் விலை கேட்கிறார், கொடுக்கலாமா?

#1 கரிசல்மண்

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை காலம் நான் சேர்த்தது விக்டோரியா ரூபாய்களும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளும்தான். வேலைக்காக டெக்சாஸ் வந்தபிறகு அமெரிக்கத் தங்கக் காசுகள் பக்கம் மனசு போய்விட்டது. அதிலும் 1834-க்கு முந்தையவை. ஒன்றே ஒன்று வாங்கினாலும் போதும், அது நல்லதாக இருக்கவேண்டும் என்று பொறுமையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. 1802 தேதியிட்ட 5 டாலர், ஹாஃப் ஈகிள். ஸ்லாப்பில் (தர நிறுவனம் சோதித்து மூடி முத்திரையிடும் பிளாஸ்டிக் பெட்டி) இல்லை. ஒரு பழைய சேகரிப்பிலிருந்து வந்ததாம், காகித உறையில் இருக்கிறது. எடை 8.69 கிராம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தேதியில் 2-க்கு அடியிலிருந்து 1 எட்டிப் பார்க்கிறது. அதைக் காட்டித்தான் "ஓவர்டேட், அரிய ரகம்" என்கிறார் டீலர். வழக்கமான 1802 விலைக்கு மேல் கால் பங்கு கூடுதலாகக் கேட்கிறார்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. முன்பக்கத்தில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண் உருவத்தின் கன்னத்தின் குறுக்கே இணையாகச் சில மெல்லிய கோடுகள். யாரோ கீறியது போலத் தெரிகிறது. ஆனால் கோடுகள் ஒழுங்காக இருக்கின்றன.

இந்த ரகத்துக்கு அந்தக் கூடுதல் விலை தகுமா? கோடுகளுக்காகக் காசை விட்டுவிடலாமா?

#2 பொன்வேட்டை

கரிசல் தம்பி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அந்தக் காரணத்துக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

1802 ஹாஃப் ஈகிள் எதை எடுத்தாலும் 2-க்கு அடியில் 1 இருக்கும். அந்த ஆண்டுக்கு ஓவர்டேட் இல்லாத ஹாஃப் ஈகிளே கிடையாது. 1801 தேதியில் செதுக்கிய அச்சுகள் பயன்படாமல் இருந்தன. எஃகு விலை அதிகம், அச்சு செதுக்கும் கைகள் குறைவு. அதனால் கடைசி எண்ணின் மேல் 2-ஐ அடித்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1801 தேதியிட்ட ஹாஃப் ஈகிள் ஒன்றும் இல்லாததற்கும் இதுதான் காரணம். நாணயச்சாலைப் பதிவின்படி 1802-இல் 53,176 ஹாஃப் ஈகிள்கள். அந்தக் காலக் கணக்குக்கு இது பெரிய எண்ணிக்கை.

அதற்காக 1802-இல் அரிய ரகமே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே ஆண்டில் பல அச்சு ஜோடிகள் உண்டு, சில ஜோடிகள் உண்மையிலேயே அரிது. ஆனால் அதைச் சொல்ல பிடி (BD) எண் வேண்டும். ஹாரி பாஸ், ஜான் டான்ராய்த்தர் இருவர் பெயரிலும் 2006-இல் வந்த நூலில் ஒவ்வோர் அச்சு ஜோடிக்கும் ஓர் எண் உண்டு. நாங்கள் எல்லாரும் அந்த எண்ணில்தான் பேசுவோம். டீலர் பிடி எண் சொன்னாரா?

#3 கரிசல்மண்

இல்லை ஐயா. ஓவர்டேட் என்று மட்டும்தான் சொன்னார். எல்லா 1802-உம் ஓவர்டேட் என்பது எனக்குப் புதுச் செய்தி, மிக்க நன்றி. அந்தக் கோடுகள் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

#4 பட்டறை முருகு

கோயம்புத்தூரில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன், பழைய தங்கக் காசுகள் படிப்பதில் ஆர்வம். கோடுகளைப் பற்றி என்னால் சொல்ல முடியும்.

அது பெரும்பாலும் அரத் தடம். காசு அடிப்பதற்கு முன்னாலேயே வில்லையில், அதாவது இன்னும் அச்சு படாத தங்க வட்டில் போட்டது. 1792 சட்டப்படி ஹாஃப் ஈகிளின் எடை 135 கிரெயின், அதாவது சுமார் 8.75 கிராம். தரம் 22 காரட், நாம் சொல்லும் 916. நம் ஒரு பவுனைவிட முக்கால் கிராம் கூட. காசின் மதிப்பே அதிலுள்ள தங்கம்தான் என்பதால் எடையில் மிகவும் கண்டிப்பாக இருந்தார்கள். வில்லைகளைக் கொஞ்சம் கனமாகவே வெட்டுவார்கள். பிறகு ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, கூடுதலாக இருந்தால் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். குறைவாக இருந்தால் உருக்கத்தான் வேண்டும். 1795-லேயே சாரா வால்ட்ரேக், ரேச்சல் சம்மர்ஸ் என்ற இரண்டு பெண்களை இந்த வேலைக்கு நாணயச்சாலை அமர்த்தியிருந்தது.

கீறலையும் அரத் தடத்தையும் பிரிப்பது எப்படி? அரத் தடம் அச்சு அழுத்தத்துக்கு முந்தையது. அழுத்தம் முழுதாகப் பட்ட இடத்தில் கோடு நசுங்கி மறைந்துவிடும். அச்சின் ஆழமான குழிக்குள் தங்கம் முழுசாகப் போய்ச் சேராத இடத்தில், அதாவது காசில் மிக உயரமான இடத்தில், கோடு அப்படியே தங்கும். கன்னம், தலைமுடி, விளிம்புப் பற்கள் இங்கெல்லாம் தெரிவது அதனால்தான். கீறல் அப்படி இருக்காது. மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே ஓட்டமாக ஓடும், ஓரத்தில் தங்கம் பிசிறாக எழும்பி நிற்கும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

லேசான அரத் தடம் குறையே இல்லை. அந்தத் தராசடியில் உட்கார்ந்தவரின் கைவேலை அது, எனக்கு அப்படிப்பட்ட காசுதான் பிடிக்கும். முகத்தையே மறைக்கும் அளவுக்கு இருந்தால் மட்டும் விலை இறங்கும்.

ஒரு விஷயம் கட்டாயம் செய்யுங்கள். காசின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். 12 மணி நிலையில் வரிகள் தொடர்ந்து ஓடுகின்றனவா, நடுவில் மழுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். இந்தக் காசுகளில் எத்தனையோ சங்கிலியில் தொங்கியவை. வளையத்தைக் கழற்றி, பற்ற வைத்த இடத்தை ராவி மறைத்திருப்பார்கள். பற்ற வைக்கும் பொடி சேர்த்த இடம் நிறத்தில் கொஞ்சம் மாறும்.

#5 வானதி

ரகம் என்றால் என்ன என்று கரிசல் அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் இந்தக் காசுகளைச் சொந்தமாக வைத்திருப்பவள் அல்ல. ஏலப் படங்களை வைத்துப் பல வருஷமாக ரகம் பிரித்துப் பழகுகிறேன்.

பிலடெல்பியா செவன்த் ஸ்ட்ரீட்டில் இருந்த முதல் நாணயச்சாலையில் ஓர் அச்சு எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். லிபர்ட்டியின் தலை மட்டும் ஒரு பஞ்சில் (punch, உருவம் செதுக்கிய எஃகு முளை) இருக்கும். அதை மிருதுவான எஃகில் அடித்து இறக்குவார்கள். அதன்பிறகு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக, எழுத்துகளை ஒவ்வொன்றாக, தேதியின் எண்களை ஒவ்வொன்றாகக் கையால் அடிப்பார்கள். ஒரு நட்சத்திரம் கொஞ்சம் சாயும், ஓர் எழுத்து கொஞ்சம் ஏறும், கடைசி எண் மார்பைத் தொடும். ஆகவே எந்த இரண்டு அச்சும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. பிறகு எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரில் முக்கிக் கடினமாக்குவார்கள். அந்தக் கட்டத்திலேயே சில அச்சுகள் வெடித்துப் போகும்.

முன்பக்க அச்சு ஒன்றும் பின்பக்க அச்சு ஒன்றும் சேர்ந்தது ஒரு ஜோடி, அதுதான் ஒரு ரகம். ஒன்று உடைந்தால் மற்றதை வேறொன்றுடன் சேர்ப்பார்கள். ஒரே பின்பக்கம் மூன்று முன்பக்கங்களோடு வேலை செய்திருக்கும்.

சுவை இதற்கு மேல்தான். அச்சு தேயும், விரிசல் விடும். வில்லை இல்லாமல் இரண்டு அச்சும் மோதினால் ஒன்றின் உருவம் மற்றதில் மங்கலாகப் பதியும். அச்சில் விழுந்த விரிசல் காசில் மேடான கோடாக வரும், அந்தக் கோடு காசுக்குக் காசு நீளும். ஒரு பின்பக்க அச்சு இரண்டு முன்பக்கங்களோடு சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்றில் விரிசல் எழுத்துவரை, இன்னொன்றில் கழுகின் இறக்கைவரை. எது முதலில் அடிக்கப்பட்டது என்று இனி யாரையும் கேட்கவேண்டாம். இந்த வரிசையை நாணயச்சாலை எங்கும் எழுதி வைக்கவில்லை. காசுகளிலிருந்துதான் படிக்க முடியும்.

1802-இல் ரகம் பார்க்க: முன்பக்கத்தில் தேதியின் எண்கள் மார்புக்கும் நட்சத்திரத்துக்கும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன, முதல் நட்சத்திரமும் கடைசி நட்சத்திரமும் எங்கே நிற்கின்றன. பின்பக்கத்தில் கழுகின் அலகு எந்த நட்சத்திரத்தின் எந்த முனையைத் தொடுகிறது, எழுத்துகளின் கால்கள் இறக்கையையும் மேகத்தையும் எங்கே சந்திக்கின்றன. இவ்வளவு போதும்.

#6 சந்தைக்கணக்கு

எல்லாம் அழகாக இருக்கிறது வானதி அக்கா, ஆனால் கரிசல் கேட்டது விலையைப் பற்றி. மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன்.

அமெரிக்காவின் ஆரம்பகாலச் செம்புக் காசுகளில் ரகம் சேர்ப்பவர்கள் ஏராளம். அங்கே ஒரு பெரிய சென்ட் அரிய ரகமாக இருந்தால் விலை பல மடங்கு ஏறும். தங்கத்தில் அப்படி இல்லை. மிகச் சாதாரணக் காசுக்கே பல ஆயிரம் டாலர் ஆகும்போது, ஒரே ஆண்டின் எட்டு ரகங்களையும் வாங்க யாரால் முடியும்? வடிவத்துக்கு ஒன்று என்று சேர்ப்பவர்கள்தான் இங்கே பெரும்பாலோர்.

1808 குவார்ட்டர் ஈகிளை, அதாவது இரண்டரை டாலர் தங்கக் காசை எடுங்கள். 2,710 காசுகள், ஒரே அச்சு ஜோடி. ரகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நாணயச்சாலைச் செதுக்குநர் ஜான் ரைக் செய்த அந்த வடிவம் குவார்ட்டர் ஈகிளில் அந்த ஒரே ஆண்டுதான் வந்தது. வடிவம் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும், அதனால் விலை உச்சத்தில். இதைவிடக் குறைவாகத் தப்பியிருக்கும் எத்தனையோ ரகங்கள் சாதாரண விலைக்குப் போகின்றன. விலையை உண்டாக்குவது காசின் எண்ணிக்கை அல்ல, தேடுகிறவர்களின் எண்ணிக்கை.

ஆகவே கரிசல், காசின் தோல் பாருங்கள், அசல் நிறம் பாருங்கள், கழுவியிருக்கிறார்களா பாருங்கள். ரகம் பிறகு.

#7 பொன்வேட்டை

சந்தைக்கணக்கு சொல்வதில் விலை பற்றிய பகுதி முழுக்க உண்மை. ரகத்துக்குத் தனி விலை கொடுக்காதே என்பதே என் கருத்தும். ஆனால் "ரகம் பிறகு" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரகம் தெரியாமல் இந்தக் காசுகளை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

1804 குவார்ட்டர் ஈகிளில் இரண்டு ரகங்கள். ஒன்றில் கழுகின் தலைக்கு மேல் 13 நட்சத்திரங்கள், இன்னொன்றில் 14. பதின்மூன்று மாநிலங்களுக்குப் பதின்மூன்று என்பதுதான் சரியான கணக்கு. செதுக்கியவர் கை ஒன்று கூட அடித்துவிட்டது. ஆனால் இன்று அதிகம் கிடைப்பது 14 உள்ளதுதான். 13 உள்ளது மிகமிக அரிது, உலகத்தில் சுமார் பத்துதான். "14 நட்சத்திரம், பிழைக் காசு, அரியது" என்று ஒருவர் விலை ஏற்றிச் சொன்னால், ரகம் தெரியாதவர் ஏமாறுவார். 13 உள்ளதை யாராவது சாதாரணமாகப் பெட்டியில் போட்டிருந்தால், தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும்.

இதில் இன்னொரு விந்தை. அந்த 14 நட்சத்திரப் பின்பக்க அச்சையே அதே ஆண்டின் வெள்ளி டைமுக்கும் பயன்படுத்தினார்கள். இரண்டரை டாலர் தங்கத்துக்கும் பத்து சென்ட் வெள்ளிக்கும் ஒரே அச்சு! இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பின்பக்கத்தில் மதிப்பு எதுவும் எழுதியிருக்காது. ஆகவே எந்த இடையூறும் இல்லை. விரிசலைப் பின்தொடர்ந்து போனால் தங்கம் அடித்துவிட்டு வெள்ளிக்குப் போனார்களா, வெள்ளியிலிருந்து தங்கத்துக்கு வந்தார்களா என்றுகூடப் பார்க்கலாம். தங்கம் மட்டும் சேர்ப்பவர், வெள்ளி மட்டும் சேர்ப்பவர் இருவருமே பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள்.

#8 கரிசல்மண்

ஐயா, காசில் மதிப்பே எழுதவில்லையா? என் 1802-இலும் '5' என்று எங்கும் இல்லை, அதைக் கேட்கவேண்டும் என்று இருந்தேன்.

#9 வானதி

ஆம், ரைக்கின் புது வடிவம் 1807-இல் ஹாஃப் ஈகிளில் வரும்வரை தங்கத்தில் மதிப்பு எழுதும் வழக்கமே இல்லை. எடையும் தரமும்தான் பேசின. அதன்பிறகுதான் '5 D.' வந்தது. வந்த பிறகு அதிலும் ஒரு வேடிக்கை: 1819 ஹாஃப் ஈகிள் ஒன்றில் அந்த இடத்தில் முதலில் '50' என்று அடித்து, பிறகு 0-வின் மேல் D அடித்துத் திருத்தியிருக்கிறது. அரை டாலர் வெள்ளிக் காசுக்கான எண் கைப்பழக்கத்தில் வந்துவிட்டது போல.

தேதியையும் அப்படியே நம்பாதீர்கள். 1795 தேதியிட்ட ஹாஃப் ஈகிளில் இரண்டு பின்பக்கங்கள். ஒன்று ஓலைக்கிளை மேல் நிற்கும் சிறிய கழுகு. இன்னொன்று மார்பில் கேடயம் தாங்கிய பெரிய கழுகு. ஆனால் கேடயக் கழுகு அமெரிக்கக் காசில் முதன்முதலாக வந்ததே 1796 குவார்ட்டர் ஈகிளில்தான். அப்படியானால் 1795 தேதியில் அது எப்படி வந்தது? 1795 முன்பக்க அச்சு நன்றாகவே இருந்தது, வீணாக்க மனமில்லை, 1797-98 வாக்கில் மறுபடி எடுத்துப் புதுப் பின்பக்கத்தோடு சேர்த்தார்கள். 1797, 1798, 1799 மூன்று ஆண்டும் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் அடித்தது. இலையுதிர் காலத்தில் நாணயச்சாலையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விடுவார்கள். திரும்பி வந்ததும் கைக்கு எட்டிய நல்ல அச்சை அழுத்தப் பொறியில் மாட்டுவது இயல்புதானே.

இதற்கு நேர்மாறும் உண்டு. 1798 தேதியில், பழைய சிறிய கழுகோடு ஒரு ரகம். தப்பியிருப்பவை சுமார் 7.

#10 சந்தைக்கணக்கு

இந்தக் கதைகளுக்காகத்தான் நானும் இந்த இழையை விடாமல் படிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. தேதிக்கும் அடித்த ஆண்டுக்கும் தொடர்பில்லை என்றால், நாம் நம்பும் எண்ணிக்கைகள் எல்லாம் என்ன ஆவது? 1822 ஹாஃப் ஈகிள் 17,796 அடித்ததாகப் பதிவு. இன்று இருப்பது மூன்றே மூன்று. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். வெளியில் இருக்கும் ஒன்று எலியாஸ்பெர்க் சேகரிப்பிலிருந்து போக் சேகரிப்புக்குப் போய், 2021-இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மீதிப் பதினேழாயிரத்துக்கு மேல் எங்கே?

#11 பொன்வேட்டை

உருகிப் போயின. 1792 சட்டம் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 15-க்கு 1 என்று விகிதம் வைத்தது. பிரான்ஸ் 1803-இல் பதினைந்தரை என்று வைத்தது. அமெரிக்காவில் தங்கம் மலிவு, கடலைத் தாண்டினால் விலை அதிகம். ஹாஃப் ஈகிள்களை மூட்டையாகக் கப்பலேற்றி, போன இடத்தில் உருக்கினால் லாபம். 1820-களின் காசுகள் எல்லாமே இந்தக் கதிதான். 1815-இல் அடித்ததே 635, அதிலும் இன்று சுமார் ஒரு டஜன். 1825-இல் 4-ன் மேல் 5 அடித்த ரகம் இரண்டே இரண்டு. 1832-இல் 13-க்குப் பதில் 12 நட்சத்திரம் உள்ள ரகம் விரல்விட்டு எண்ணலாம். 1834 ஜூன் சட்டம் வந்து தங்கத்தின் அளவைக் குறைத்த பிறகுதான் காசு ஊரில் தங்கியது. பழைய காசுகளில் அதுவரை தப்பியிருந்தவையும் அதோடு உலைக்குப் போய்விட்டன.

பெரிய ஈகிளுக்கு இந்தக் கதி முன்பே வந்துவிட்டது. 10 டாலர் காசு அடித்தவுடன் வெளிநாடு போகிறது என்று 1804-இல் நிறுத்திவிட்டார்கள். 1838 வரை புழக்கத்துக்கு அடிக்கவில்லை.

#12 வானதி

ஐயா, உருகியது உண்மை. ஆனால் 1822-க்கு அது மட்டுமே விடை என்று நான் நினைக்கவில்லை. 17,796 என்பது அந்த ஆண்டில் காசாளரிடம் ஒப்படைத்த காசுகளின் கணக்கு. அவற்றின் மேல் என்ன தேதி இருந்தது என்று பதிவில் இல்லை. முந்தைய ஆண்டு அச்சு நன்றாக இருந்தால் அதிலேயே தொடர்ந்து அடிக்கும் பழக்கம் உள்ள இடம் அது, 1795 காசே சாட்சி. அந்தப் பதினேழாயிரத்தில் ஒரு பங்கு வேறு தேதியோடு வந்திருக்கலாம். அந்த ஆண்டுகளின் பின்பக்க அச்சுகளை ஒப்பிட்டு, விரிசல்களைப் பார்த்துத்தான் இதைத் தேடவேண்டும். மூன்றே காசு என்பதால் அது கடினம்.

நீங்கள் 1804 ஈகிளைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அச்சு ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1804-இல் உண்மையாக அடித்த ஈகிளில் 4-ன் குறுக்குக் கோட்டு நுனியில் ஒரு சின்னச் செங்குத்துக் கட்டை இருக்கும். 1834-35-இல் அமெரிக்கத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் சயாமுக்கும் மஸ்கட்டுக்கும் தூது போனபோது, அந்த அரசர்களுக்குப் பரிசளிக்க ஒவ்வொரு காசிலும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். ஈகிள் கடைசியாக வந்த ஆண்டு 1804 என்பதால் அந்தத் தேதியிலேயே புது அச்சு செதுக்கினார்கள். அதில் 4-ன் நுனி மொட்டையாக இருக்கிறது. முப்பது வருஷ இடைவெளியை அந்த நுனிதான் காட்டிக்கொடுக்கிறது. அப்படிப்பட்ட ஈகிள் ஒன்று இன்றும் சயாம் அரசர் பெட்டித் தொகுப்பில் இருக்கிறது.

#13 பட்டறை முருகு

நான் போலிகளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் கரிசலின் காசு ஸ்லாப்பில் இல்லை.

ஆரம்பகாலத் தங்கத்தில் நல்ல போலிகள் சரியான தங்கத்திலேயே வரும். உரைகல்லில் தேய்த்தால் 22 காரட் காட்டும். ஒப்படர்த்தி பார்த்தாலும் 17.5 பக்கம் வந்துவிடும். எடையும் சரியாக இருக்கும். அங்கேதான் ரகம் கைகொடுக்கிறது. போலி செய்பவர் ஓர் அசல் காசிலிருந்து அச்சு எடுப்பார். அந்த அசல் காசில் இருந்த அடி, தழும்பு எல்லாம் போலியிலும் வரும், வரும் எல்லாப் போலியிலும் அதே இடத்தில் வரும். ஒரே ரகத்தின் பல காசுகளைப் படத்தில் பார்த்தவருக்கு "இந்தத் தழும்பை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேனே" என்று தோன்றும். சிலர் முன்பக்கம் ஒரு காசிலிருந்தும் பின்பக்கம் இன்னொன்றிலிருந்தும் எடுப்பார்கள். அந்த ஜோடி நாணயச்சாலையில் சேர்ந்ததே கிடையாது என்று நூலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அரத் தடத்தையும் இப்படிச் சோதிக்கலாம். ஒவ்வொரு வில்லையிலும் அரம் தனித்தனியாக ஓடியது. இரண்டு காசில் ஒரே அரத் தடம் இருந்தால் இரண்டில் ஒன்றையாவது தொடவேண்டாம்.

#14 கரிசல்மண்

முருகு அண்ணன் சொன்னபடி மறுபடி போய்ப் பார்த்தேன். கோடுகள் கன்னத்திலும் முடியிலும் மட்டும்தான், உருவம் இல்லாத வெற்றுப் பரப்புக்கு வந்ததும் மறைகின்றன. அரத் தடமேதான்.

ஆனால் விளிம்பு! 12 மணிப் பக்கத்தில் வரிகள் ஒரு நெல் அகலத்துக்கு இல்லை, அந்த இடம் வழவழவென்று இருக்கிறது, நிறமும் கொஞ்சம் சிவப்பு. டீலரிடம் காட்டினேன். அவரும் லென்ஸில் பார்த்துவிட்டு, பதக்கமாக இருந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார், நாகரிகமாகவே பேசினார். 1802 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவரிடம் 1806 ஒன்றும் இருக்கிறது, ஸ்லாப்பில். அடுத்த வாரம் வரை வைத்திருப்பதாகச் சொன்னார். பார்க்கலாமா?

#15 பொன்வேட்டை

1806 நல்ல தேர்வு தம்பி. ரகத்தை வெறும் கண்ணால் பிரித்துப் பழக அதைவிட நல்ல ஆண்டு இல்லை. தேதியில் 6-ன் மேல்நுனியைப் பாருங்கள். கூராக முடிந்தால் நட்சத்திரங்கள் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 5 என்று இருக்கும். உருண்டையாக முடிந்தால் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 6. உருண்டை 6 ஒரே அச்சு ஜோடி. அதுதான் அதிகம் கிடைப்பது, நல்ல நிலையிலும் கிடைக்கும். அதற்கு "ரக விலை" யாரும் கேட்கக்கூடாது. கூர் 6-இல் பல ஜோடிகள், அங்கேதான் அலகையும் எழுத்துக் கால்களையும் பார்க்கவேண்டிவரும்.

ஸ்லாப் என்றாலும் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அவர்கள் வைத்திருக்கும் படமும் கையிலுள்ள காசும் ஒன்றா என்று பாருங்கள். பெட்டியும் போலியாக வருகிறது. இரண்டு பக்கமும் படம் எடுங்கள், விளக்கு ஒரு பக்கமாக, தாழ இருக்கட்டும். இங்கே போடுங்கள். வானதி அம்மா இருக்கிறார், நானும் நூலை எடுத்து வைக்கிறேன்.

#16 வானதி

பின்பக்கத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எடுங்கள் கரிசல். அலகும் அதன் எதிரே இருக்கும் நட்சத்திரமும் தெளிவாக விழவேண்டும், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.